விழாத அடிக்கு ஆடும் கால்கள்

1999 கடைசியில் பிரிட்டன் பாடல் பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு ஏறிய ‘ரீ-ரீவைண்ட்’ பாட்டைச் செய்தவர்கள் லண்டன்காரர்கள் இல்லை. தெற்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த மார்க் ஹில், பீட் டெவரோ என்ற இருவர். ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்று ஜோடிக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். டிக்கன்ஸ் நாவலில் வரும் ஜேப்படிச் சிறுவனின் பட்டப்பெயர் அது. பொருத்தம்தான்: ஊரறிந்த பாடல்களிலிருந்து குரலை உருவி, கீழே தங்கள் தாளத்தைப் போட்டு, அனுமதி கேட்காமல் வெளியிட்ட ‘பூட்லெக்’ இசைத்தட்டுகளில்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள்.

குரலை உருவுவது பெரிய வித்தை இல்லை. அந்தக் குரலுக்குக் கீழே காலத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்பதில்தான், அவர்கள் செய்த கராஜ் என்ற கிளப் நடன இசையின் சூட்சுமம் இருக்கிறது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராக எண்ணிப் பாருங்கள். ஹவுஸ் என்ற நடன இசையில் இந்த நான்கு எண்ணிக்கையிலும் கிக் எனும் பெரிய டிரம் ‘தொம்’ என்று விழும். இரண்டிலும் நான்கிலும் கூடவே ஒரு கைதட்டலோ, ஸ்நேர் எனும் சின்ன டிரம்மின் ‘சட்’ அடியோ சேரும். இப்போது இரண்டாவது, நான்காவது கிக்குகளை எடுத்துவிடுங்கள். ஸ்நேர் அங்கேயே இருக்கட்டும். மூன்றாவது கிக்கையும் அதன் இடத்தில் வைக்காமல், கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ தள்ளுங்கள். ‘டூ-ஸ்டெப்’ எனப்படும் கராஜ் தாளத்தின் எலும்புக்கூடு அவ்வளவுதான். நிமிடத்துக்கு 130 பீட் ஓடினாலும் கனமான அடி பாதி இடத்தில்தான் விழுவதால், காதுக்கு 65 ஓடுவது போலவும் இருக்கும். நிதானமான ஆர் அண்ட் பி பாடகர் அந்த 65-இல் சாவகாசமாகப் பாடலாம், ஹை-ஹாட் எனும் ஜால்ரா போன்ற தகடு மட்டும் மேலே 130-இல் பறக்கும்.

இந்த வேகம் வந்த கதை வேடிக்கையானது. நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை பாரடைஸ் கராஜ் என்ற கிளப் இருந்தது. அங்கே டிஜே லாரி லெவன் போட்ட உருக்கமான நடன இசையிலிருந்துதான் கராஜ் என்ற பெயரே வந்தது. 90-களின் லண்டன் டிஜேக்கள் அந்த அமெரிக்கத் தட்டுகளை அப்படியே போடவில்லை, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழற்றியின் ஓரத்தில் இருக்கும் பிட்ச் நெம்பை மேலே தள்ளினார்கள். அது 8 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டும். 122-இல் ஓடும் தட்டு ஏறக்குறைய 132-க்குப் போய்விடும். ஆனால் தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதியும் கூடவே ஏறும். 8 சதவீதத்துக்கு அரைக் கட்டைக்குச் சற்று மேல். டிரம்ஸ் அதைத் தாங்கும், பாடகியின் குரல் கீச்சிடும். அதனால் குரல் குறைவாக உள்ள ‘டப்’ வடிவங்களையே தேடிப் போட்டார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களே அந்த வேகத்துக்கென்று இசை செய்யத் தொடங்கினார்கள்.

குரலை வேகத்துக்குக் கொண்டுவர, ஒலியைப் பதிந்து வெட்டி மாற்றும் சாம்ப்ளர் என்ற கருவி உதவியது. 100 பீட்டில் பாடியதை 130-க்கு வெறுமனே ஓட்டினால் சுருதி நான்கு அரைஸ்வரங்களுக்கு மேல் எகிறிவிடும், பாடகி கார்ட்டூன் அணில் ஆகிவிடுவார். சாம்ப்ளரில் உள்ள ‘டைம்-ஸ்ட்ரெட்ச்’ வசதி வேறு வழியில் போகிறது. ஒலியைச் சில பத்து மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கும். சுருக்க வேண்டுமானால் துண்டுகளை நெருக்கி, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று கரைத்து ஒட்டும். நீட்ட வேண்டுமானால் சில துண்டுகளைத் திரும்பப் போடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அலைகள் பழைய வேகத்திலேயே அதிர்வதால் சுருதி மாறாது. அளவு மீறி நீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்: 20 மில்லிசெகண்ட் துண்டு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் செகண்டுக்கு 50 தடவை வருகிறது, அந்தத் திரும்பலே தனி ஸ்வரமாகி தகரம் அதிர்வது போல் கேட்கும். அந்தத் தகரச் சத்தத்தையே அலங்காரமாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

நியூ ஜெர்சிக்காரர் டாட் எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பாட்டை அசை அசையாக வெட்டி, ஒரு மூச்சு, ஒரு ‘ஆ’, பாதி வார்த்தை என்று எடுத்து, அவற்றைக் கொண்டே புது மெட்டு கட்டினார். லண்டன் தயாரிப்பாளர்கள் பலர் பாடம் படித்தது அவரிடம்தான். பிரெஞ்சு இசை ஜோடி டாஃப்ட் பங்க் பின்னர் அவரைத் தங்கள் 2001 ஆல்பத்துக்கு அழைத்துக்கொண்டது.

அப்புறம் ஸ்விங். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 130 பீட்டில் ஒரு பீட்டின் நீளம் சுமார் 461 மில்லிசெகண்ட். அதை நான்காக்கினால் ஒவ்வொன்றும் 115. எல்லாம் சமமாக விழுந்தால் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ராஜர் லின் வடிவமைத்து அகாய் 1988-இல் வெளியிட்ட எம்பிசி60 என்ற தாளக் கருவியில் ஸ்விங் என்றொரு வசதி இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது தட்டலை மட்டும் அது தாமதப்படுத்தும். 60 சதவீதம் வைத்தால் ஜோடியின் 230 மில்லிசெகண்டில் முதல் இடைவெளி 138, அடுத்தது 92. அதாவது தாமதம் 23 மில்லிசெகண்ட். இவ்வளவு சின்ன நகர்வு யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். வேகமான தாளத்தில் 6 மில்லிசெகண்ட் பிசகினாலே காது கண்டுபிடித்துவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. கராஜ் ஹை-ஹாட்டில் இருக்கும் அந்தத் தளுக்கு இந்த 20, 30 மில்லிசெகண்டில் பிறந்தது.

சரி, அடியை எடுத்துவிட்டால் ஆட்டம் ஏன் கூடுகிறது? தாளம் கேட்கும்போது உடம்பை அசைக்காவிட்டாலும் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்கின்றன. அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகின்றன. எதிர்பார்த்த இடத்தில் அடி விழாதபோது அந்தக் காலியிடத்தை உடம்பே நிரப்பப் பார்க்கிறது. 2014-இல் ஆய்வாளர் மரியா விடெக் குழுவினர் பல்வேறு டிரம் தாளங்களைப் போட்டுக் காட்டி, எதற்கு ஆடத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். எல்லாம் சீராக இருந்தாலும் விருப்பம் குறைந்தது, ஒரேயடியாகச் சிதறினாலும் குறைந்தது. நடுத்தரமாகப் பிறழ்ந்தவைதான் வென்றன. டூ-ஸ்டெப் அந்த நடுவில் நிற்கிறது: கிக் ஏமாற்றும், ஸ்நேர் ஏமாற்றாது.

கிக் குறைந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. கிக்கும், பேஸ் எனும் ஆழமான கீழ்ஸ்வர ஒலியும் ஏறக்குறைய ஒரே 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான் குடியிருக்கும், ஒன்றையொன்று மறைக்கும். கிக் விலகினால் பேஸ் தாராளமாக உலாவலாம், மெட்டே பாடலாம். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், சத்தமாகப் போட்டால் அதைக் காதோடு நெஞ்சும் உணரும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவில் ஓர் எலக்ட்ரானிக் இசைக் கச்சேரியின் நடுவே, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான ஸ்பீக்கர்களைப் பார்வையாளர்களுக்குத் தெரியாமல் போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். போட்டிருந்தபோது அசைவு 11.8 சதவீதம் கூடியிருந்தது.

செய்த பாட்டைச் சோதிக்க டப்பிளேட் வெட்டுவார்கள். அலுமினியத் தகட்டின்மேல் மெழுகு போன்ற லாக்கர் பூச்சு. அதில் ஒரே ஒரு பிரதி. லாக்கர் மென்மையானது, சில டஜன் தடவை ஓட்டினாலே உயர் ஸ்வரங்கள் தேயும். கிளப்பில் கூட்டம் கத்தினால் டிஜே தட்டை அப்படியே பின்னுக்குச் சுழற்றி முதலிலிருந்து போடுவார். ‘ரீ-ரீவைண்ட்’ அந்த வழக்கத்தைப் பற்றிய பாட்டுதான். பாடிய கிரெய்க் டேவிட்டுக்கு அப்போது 18 வயது.

ரீமிக்ஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகைதான், பாட்டின் உரிமையில் பங்கு கிடையாது. 1997-இல் டினா மூரின் பாட்டும் 2000-இல் ஸ்வீட் ஃபீமேல் ஆட்டிட்யூடின் ‘ஃபிளவர்ஸ்’ பாட்டும் பிரிட்டனில் ஓடியது கெல்லி ஜி, சன்ஷிப் செய்த ரீமிக்ஸ்களால்தான் என்றாலும், தட்டில் பெரிய எழுத்து பாடகருக்கே. ஹில்லும் டெவரோவும் சொந்தப் பாட்டுக்கு நகர்ந்தது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். 2000-இல் அவர்கள் ஆல்பம் வந்தது. அதே ஆண்டு கிரெய்க் டேவிட்டின் முதல் ஆல்பத்தையும் பெரும்பாலும் ஹில்தான் தயாரித்தார். சீக்கிரமே இருவரும் ஜோடியிலிருந்து விலகினார்கள். பெயர் வேறு ஆட்களோடு மேடையேறிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து மறுபடி ஒன்றுசேர்ந்தபோது இவர்கள் ‘ஒரிஜினல் டாட்ஜர்’ என்று போட்டுக்கொண்டார்கள்.