ஏர்பிரஷ்: காற்றுத் தூரிகையா, தூவுகோலா?

சிங்கப்பூரில் சமூக மன்ற ஓவிய வகுப்புகளின் அறிவிப்புகளிலும், கலைப்பொருள் கடைகளின் நான்கு மொழித் துண்டறிக்கைகளிலும் ‘காற்றுத் தூரிகை’ என்ற தொடர் அடிக்கடி தென்படத் தொடங்கியிருக்கிறது. காற்றின் விசையால் வண்ணத்தை நுண்துளிகளாக அனுப்பும் ஏர்பிரஷ் என்னும் கருவிக்கு இட்ட பெயராம் அது. அண்மையில் கண்ட ஓர் அறிவிப்பு, ‘தொடக்கநிலையினருக்கான காற்றுத் தூரிகைப் பயிற்சி, நீரில் கரையும் சாயம் வழங்கப்படும்’ என்று ஒரே வரியில் மூன்று பிழைகளைச் சுமந்து நின்றது. இவற்றை மொழித்தூய்மைக் குறைகள் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிட முடியாது. வகுப்பில் சேர்பவரின் கையையும் காசையும் கெடுக்கும் பிழைகள் இவை.

முதலில் பெயரின் வரலாறு. 1870களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் இக்கருவியின் முன்னோடியை உருவாக்கியபோது, அதைத் தூரிகை என்று அழைக்கவில்லை. ‘பெயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர்’, அதாவது வண்ணத்தைப் பரப்பித் தருவது என்றே அழைத்தார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிய லிபர்ட்டி வாக்கப் குடும்பத்தார் அதைச் சீர்செய்து விற்ற பிறகே ‘ஏர்பிரஷ்’ என்ற வணிகப் பெயர் நிலைத்தது. கருவிக்குள்ளேயே காற்றும் வண்ணமும் கலக்கும் வடிவத்தைச் சார்ல்ஸ் பர்டிக் 1890களில் கொண்டுவந்தார். அவர் வழியாகப் பிரிட்டனில் ‘ஏரோகிராஃப்’ என்ற பெயர் பரவியது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய மொழிகள் இன்றும் எழுதுதலைக் குறிக்கும் அந்தச் சொல்லின் வடிவங்களையே கொண்டுள்ளன. நம் துண்டறிக்கையின் சீனப் பத்தியில் இருக்கும் ‘பென்பி’ என்பதற்கும் தெளிக்கும் எழுதுகோல் என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலப் பெயரை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்து வைத்தவர், பக்கத்துப் பத்தியை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

‘காற்றுத் தூரிகை’ ஏன் பொருந்தாது? தூரிகை என்பது வடமொழித் ‘தூலிகா’வின் வழிவந்தது, அதன் அடியில் இருப்பது பஞ்சைக் குறிக்கும் ‘தூலம்’. பழந்தமிழ்ச் சொல்லான துகிலிகையைப் பார்த்தாலும் அதே செய்திதான். நற்றிணையின் 118ஆம் பாட்டு, ஓவியர் அரக்குத் தோய்த்த துகிலிகையைத் துய்த்தலைப் பாதிரிப் பூவுக்கு உவமையாக்குகிறது. துய் என்றால் மென்மையான பஞ்சுபோன்ற நுனி. ஆகப் பெயரிலும் பொருளிலும் தூரிகையின் உயிர் அதன் மயிர்க்கற்றைதான். அது வண்ணத்தை ஏந்திச் சென்று பரப்பைத் தொட்டுத் தடவுகிறது. ஏர்பிரஷ்ஷில் மயிரும் இல்லை, தொடுதலும் இல்லை. ஊசிமுனையைக் கடந்து விரையும் காற்று, வண்ணத்தை உறிஞ்சி நுண்துளிகளாக உடைத்து எதிரே அனுப்புகிறது. விசையை அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வண்ணம். கோட்டின் தடிப்பைக் கருவிக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தொலைவும் தீர்மானிக்கிறது. ‘தூரிகை’ என்று கேட்டுப் பழகிய மாணவர், பழக்கத்தால் முனையைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோய் வண்ணத்தையும் கூடுதலாக விடுகிறார். உலராத வண்ணத்தைக் காற்று தள்ள, அது நாற்புறமும் கால்பரப்பி ஓடிவிடுகிறது. பெயர் சொல்லிக்கொடுத்த தவற்றைத் திருத்தவே ஆசிரியருக்கு நேரம் போதாது.

‘வண்ணத் தெளிப்பான்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதைப் பூச்சிமருந்துத் தெளிப்பானும் சுவருக்கு அடிக்கும் துப்பாக்கியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. தெளித்தல், வாசலில் நீர் தெளிப்பதுபோல், பெருந்துளிகளை வீசுவது. காற்று கொண்டுவரும் நுண்துளிக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, அந்தத் தூவுதல்தான் இது. எழுதுகோல் என்பதன் வார்ப்பிலேயே ‘தூவுகோல்’ என்று சொல்லலாம். பேனாவைப் போல் பிடிக்கும் கருவிக்குக் ‘கோல்’ தகும். வெறும் ‘தூவல்’ என்றால் தனித்தமிழ் அன்பர்கள் அதைப் பேனாவுக்கு ஆக்கியிருப்பதால் குழப்பம் வரும். தூவுகோல் பிடிக்காதவர்கள் ஏர்பிரஷ் என்றே எழுதட்டும். கடன்சொல் பொருளைத் திரிப்பதில்லை.

இனிச் ‘சாயம்’. தீபாவளிக்கு முன் ‘வீட்டுக்குச் சாயம் அடித்தாயிற்றா’ என்று கேட்பது இங்குள்ள பேச்சு வழக்கு. அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் சாயவேரால் துணி தோய்த்த காலந்தொட்டே சாயம் என்பது இழைக்குள் ஊறி நிற்பது. வெளுப்பதும் ‘போவதும்’ அதனால்தான். ஏர்பிரஷ்ஷுக்கான வண்ணங்களில் பெரும்பாலானவை அவ்வாறு கரைந்திருப்பவை அல்ல. நிறமித் துகள்கள் ஒரு பிணைபொருளோடு நீர்மத்தில் மிதக்கின்றன. உலர்ந்ததும் பரப்பின்மேல் படலமாகின்றன. இந்த வேறுபாடு தெரியாதவர் குப்பியைக் குலுக்காமல் ஊற்றுகிறார். அடியில் தங்கிய துகள்கள் 0.3 மில்லிமீட்டர் முனைத்துளையை அடைத்துவிடுகின்றன. உதட்டுச்சாயம் என்கிறோமே என்று ஒருவர் மடக்கக்கூடும். அது பூச்சுதான், அச்சொல்லை இனி மீட்க முடியாது. அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? பூச்சு வண்ணம், அல்லது வண்ணம் மட்டுமே போதும்.

‘நீரில் கரையும்’ என்பது இன்னும் மோசம். நீர் சேர்த்த அக்ரிலிக் வண்ணம் ஒரு பால்மம், அதாவது பிசின் கரையாமல் நுண்துளிகளாக நீரில் பரவி நிற்பது. உலர்ந்தபின் நீரில் கரையாது. கரையும் என்று நம்பி, வேலை முடிந்ததும் கருவியைக் கழுவாமல் வைத்தவர் மறுநாள் ஊசியைப் பிடுங்கவே போராடுவார். ‘நீர் சேர் வண்ணம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

வண்ணத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கச் சேர்க்கும் தின்னரைப் பற்றிய குழப்பத்துக்கு முடிவே இல்லை. கணினி மொழிபெயர்ப்பு ‘மெல்லியதைச் சேர்க்கவும்’ என்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் அச்சேற்றுகிறவர்களை என்னவென்பது? ‘கரைப்பான்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் தின்னர் வண்ணத்தை நீர்க்கச் செய்யுமே ஒழியக் கரைப்பது அதன் வேலையன்று. ‘நீர்ப்பி’ என்றோ, கடைக்காரர் சொல்வதுபோல் தின்னர் என்றோ எழுதினால் தெளிவு. எல்லா வண்ணத்துக்கும் ஒரே நீர்ப்பி பொருந்தாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வண்ணம் பாலின் பதத்துக்கு வரவேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். வயேஹோ நிறுவனத்தின் அக்ரிலிக்கில் டாமியா நிறுவனத்தின் ஆல்கஹால் கலந்த தின்னரை விட்டால் அந்தப் பால் திரிந்தே போகும். வயேஹோவின் ‘மாடல் ஏர்’ வரிசை முன்னரே நீர்க்கப்பட்டு வருவதால் புதியவர்க்கு எளிது. 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் பழகத் தொடங்கலாம்.

கடைசியாக லாக்கர் என்னும் வண்ண வகை. அதை ‘அரக்கு வண்ணம்’ என்று பெயர்த்திருப்பதும் கண்ணில் பட்டது. சொல்வழியில் உறவு உண்டு என்றாலும், இன்று மாதிரி வடிவங்களுக்கு விற்கும் லாக்கர் குப்பிகளில் இருப்பது அரக்கு அன்று. கடுமையான கரைப்பானில் கலந்த செயற்கைப் பிசின். அரக்கு என்றதும் தீங்கற்ற மரப்பொருள் என்று எண்ணிக்கொண்டு, சன்னல் மூடிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அறையில் ஒருவர் அதை அடிக்கக்கூடும். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகுப்பி பொருத்திய கவசம் வேண்டும். ‘ஆவியெழும் கரைப்பான் வண்ணம்’ என்று நீட்டி எழுதினால் துண்டறிக்கையில் இடம் போதவில்லை என்பார்கள், எழுத்தைச் சிறிதாக்கட்டும்.