ஸ்லாப் ஷாட்: மட்டை முதலில் ஐஸை அடிப்பது ஏன்?

ஐஸ் ஹாக்கியில் ஸ்லாப் ஷாட் அடிப்பவரின் மட்டை முதலில் படுவது பக்கின் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) மேல் அல்ல, ஐஸின் மேல். பக்குக்குக் கொஞ்சம் பின்னால் தரையைத்தான் ஓங்கி அடிக்கிறார். ஸ்லோ மோஷனில் பார்த்தால் ஏதோ குறி தவறியதுபோல் இருக்கும். ஆனால் வேகமே அங்கிருந்துதான் வருகிறது.

தோளுக்கு மேல் ஓங்கிய மட்டை ஐஸில் மோதியதும் அதன் முனை தடைபடுகிறது. கைகளும் உடலின் எடையும் மட்டும் நிற்காமல் முன்னே போகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு, நாணேற்றிய வில்லைப்போல் வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. அப்படி வளைந்த நிலையிலேயே முனை பக்கை எட்டி, சில பத்து மில்லிசெகண்ட் அதை ஒட்டித் தள்ளுகிறது. அந்த நேரத்துக்குள் தண்டு நிமிர்ந்து, சேமித்ததைப் பக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் மணிக்கட்டைத் திருப்பும்போது பக் முனையின் ஓரமாக உருண்டு, சுழன்றபடி கிளம்புகிறது. சுழலும் பக் காற்றில் தடுமாறாது.

எவ்வளவு வளைய வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. மட்டையில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 100 என்றால், தண்டை ஓர் அங்குலம் வளைக்க 100 பவுண்டு விசை வேண்டும். ஒல்லியான ஆளிடம் விறைப்பான மட்டையைக் கொடுத்தால் அது வளையாது. பலசாலியிடம் இளகிய மட்டையைக் கொடுத்தால் அது நிமிர்வதற்குள் பக் போய்விடும்.

ஸ்லோவாக்கியாவின் ஐஸ் ஹாக்கி வீரர் ஸ்டெனோ சாராவின் உயரம் 2.06 மீட்டர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மிக உயரமானவர்களுக்கு மட்டும் 65 வரை விலக்கு உண்டு. நெம்புகோல் நீண்டால் அதன் முனையின் வேகமும் கூடும். மிக விறைப்பான மட்டையையும் வளைக்கிற வலு அவருக்கு இருந்தது. 2012-ல் ஒட்டாவாவில் நடந்த ஆல்-ஸ்டார் போட்டியில் அவர் அடித்த பக் மணிக்கு 108.8 மைல், அதாவது சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் போனது.

இதெல்லாம் கார்பன் மட்டையின் மாயம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஒரே துண்டாகச் செய்த கார்பன் மட்டைகள் பரவுவதற்கு முன்பே, 1993-ல், ஆல் ஐயாஃப்ரேட்டி என்ற அமெரிக்க வீரர் மணிக்கு 105.2 மைல் வேகத்தைத் தொட்டுவிட்டார். அதை முறியடிக்க 2009 வரை ஆயிற்று. அப்போது சாரா தாண்டியது வெறும் 0.2 மைல்தான்.

சரி, இவ்வளவு வேகம் ஆட்டத்தில் உதவுமா? எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு சுமார் 19.5 மீட்டர் தூரம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பக் அதை 0.44 விநாடியில் கடந்துவிடும். கண் பார்த்து உடல் அசையத் தொடங்குவதற்கே 0.2 விநாடி போய்விடும். எதிரே நாலு பேர் மறைத்து நின்றால் கோல்கீப்பருக்கு அதுவும் மிஞ்சாது. ஆனால் மட்டையை ஓங்குவதற்கு நேரம் வேண்டுமே! யார் அந்த நேரத்தைக் கொடுப்பார்கள்? அதனால்தான் ஆட்டங்களில் மணிக்கட்டால் சுண்டி அடிக்கும் ரிஸ்ட் ஷாட்டே அதிகம்.

அப்புறம் இன்னொன்று. சாரா தடுப்பாட்டக்காரர். இப்படிப்பட்ட ஷாட்டுகளுக்குக் குறுக்கே உடலை நீட்டுவதும் அந்த வேலையில் சேர்த்திதான். பக் என்பது ஏறக்குறைய 160 கிராம் கெட்டி ரப்பர். ரொம்பத் துள்ளக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்திருப்பார்கள். 2019-ல் என்.எச்.எல். சாம்பியனை முடிவுசெய்யும் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் 4-வது ஆட்டத்தில், எதிரணி அடித்த பக் சாராவின் மட்டையிலேயே பட்டுத் திரும்பி அவர் முகத்தில் மோதியது. தாடை உடைந்தது. அடுத்த ஆட்டத்தில் முகக்காப்போடு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 42. அதன் பிறகும் மூன்று சீசன் ஆடி, மொத்தம் 1,680 ஆட்டங்களோடு 2022-ல்தான் ஓய்வு பெற்றார்.