மெகாலித்: பெருங்கல், பதுக்கை, திட்டை

பழைய பெரிய கல் எதைக் கண்டாலும் 'மெகாலித்' என்று சொல்லிவிடுகிற பழக்கம், காணொளிகளின் புண்ணியத்தில் திருகோணமலைக்கும் வந்துவிட்டது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் பதிந்திருக்கும் கோயில் கல்லும் மெகாலித், இராவணன் வெட்டும் மெகாலித். உண்மையில் இரண்டுமே மெகாலித் அல்ல.

இச்சொல் கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. 'மெகாஸ்' என்றால் பெரிய, 'லிதோஸ்' என்றால் கல். ஆனால் பழங்காலக் கிரேக்கர் யாரும் இப்படி ஒரு சொல்லை வழங்கியதில்லை. 1849இல் அல்கெர்னன் ஹெர்பர்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழைய கல்வட்டத்தைப் பற்றி எழுதும்போது வேர்களை ஒட்டிச் செய்துகொண்ட சொல் இது. தமிழில் 'பெருங்கல்' என்று நேராகவே பெயர்த்தார்கள். சின்னத்தைச் சொல்ல 'பெருங்கற்சின்னம்', காலத்தைச் சொல்ல 'பெருங்கற்காலம்'. நல்ல சொற்கள்தான், தயங்காமல் எழுதலாம்.

கல் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. மனிதர் அதை ஓரிடத்திலிருந்து எடுத்து வந்து, சாந்து பூசாமல், நட்டோ அடுக்கியோ மூடியோ வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய, அல்லது வரலாறு தொடங்குகிற காலத்து வேலையாக இருக்கும். இராவணன் வெட்டு, திருகோணமலையின் சுவாமி மலையில் இயற்கையாக விழுந்த பிளவு. கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளுமாக நிற்பது, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கல். அது உளி பட்ட சிற்பி வேலை, பெருங்கற்காலத்துக்கு வெகு பின்னால் வந்தது.

'மெகாலித்' என்பது குடும்பப் பெயர் மாதிரி, அதற்குள் பல உருப்படிகள் உண்டு. தனியாக நட்ட உயரமான கல் 'மென்ஹிர்'. பிரான்சின் பிரெத்தோன் மொழியில் 'மென்' கல், 'ஹிர்' நீளம். நாம் நெடுங்கல் என்றோ குத்துக்கல் என்றோ சொல்லலாம். வாசலில் மறித்து நிற்பவரைப் பார்த்து "என்ன குத்துக்கல்லாட்டம் நிக்கிறாய்?" என்கிறோமே, அதே கல்தான். 'டோல்மென்' என்பதற்கு மேசைக்கல் என்று பொருள் சொல்வார்கள்: பக்கங்களில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் போட்டது. தமிழில் கல்திட்டை. (இலக்கணப்படி 'கற்றிட்டை' என்று புணர வேண்டும். ஆனால் கற்ற திட்டையா என்று வாசிப்பவர் குழம்புவதைவிடப் பிரித்தே எழுதிவிடலாம்.) அதே பெட்டி நிலத்துக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. சுற்றி வட்டமாகக் கல் வைத்திருந்தால் கல்வட்டம்.

இவற்றில் 'பதுக்கை' மிகப் பழைய சொல். புறநானூற்றின் 3ஆம் பாட்டில் 'வம்பப் பதுக்கை' என்று வருகிறது. வம்பு என்றால் புதுமை. வறண்ட பாலை வழியில் மறவரின் அம்பு பட்டு விழுந்தவர்கள் மேல் குவித்த புதிய கற்குவியல் அது. இன்றைய தொல்லியலாளர் சொல்லும் கற்பதுக்கையோ பலகைக் கற்களால் செய்த பெட்டி. பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள், பொருத்தமான வேலைதான். ஆனால் சங்கப் பாட்டில் பதுக்கையைக் கண்டவுடன் கற்பெட்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இந்தக் கற்களை எதற்காக வைத்தார்கள்? ஸ்டோன்ஹெஞ்ச் விஷயத்தில் சொல்லாத கதை இல்லை. 12ஆம் நூற்றாண்டில், மந்திரவாதி மெர்லின் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த 'அரக்கர் ஆட்டம்' அது என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் ரோமானியர் கோயில் என்றார். பிறகு ட்ரூயிட் என்ற பழங்காலக் கெல்ட்டியப் பூசாரிகளின் தலம் என்ற பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது, இன்றும் விடவில்லை. அந்தப் பெருங்கற்கள் நின்றது கி.மு. 2500 அளவில். ட்ரூயிட்கள் பற்றிய எழுத்துச் சான்றுகள் அதற்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்குப் பின்னால்தான் தொடங்குகின்றன. 1960களில் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் என்ற வானியலாளர் கணினியில் கணக்குப் போட்டு, கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி என்றார். கணினி சொன்னால் மறுபேச்சு ஏது! தொல்லியலாளர்கள் பேசத்தான் செய்தார்கள்.

இப்போது உறுதியாக நிற்பவை இரண்டு. நடுக்கோடையில் சூரியன் உதிக்கும் திசையும் நடுக்குளிரில் அது மறையும் திசையும் அமைப்பின் அச்சோடு பொருந்துகின்றன. அங்கே எரித்த மனித எலும்புகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. கற்கள் வந்த வழியும் தெளிந்து வருகிறது. சராசரி 25 தொன் நிறையுள்ள பெருங்கற்கள் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்தும், சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் மலைகளிலிருந்தும் வந்தவை. நடுவில் கிடக்கும் 6 தொன் பலிபீடக் கல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தது என்று 2024இல் ஆய்வு வெளியானது.

நம் பக்கத்துப் பெருங்கற்சின்னங்களில் இவ்வளவு ஊகத்துக்கு இடமில்லை. திறந்தால் உள்ளே எலும்பு, இரும்புக் கருவி, கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், மணி. ஈமச்சின்னம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அப்படியும் தமிழ்நாட்டில் சனங்கள் 'பாண்டவர் குழி' என்று பெயர் வைத்து, வனவாசத்தில் பஞ்சபாண்டவர் தங்கிய இடமாக்கிவிட்டார்கள். தாய்க்குக் கடைசிக் கடன் செய்ய இராவணன் வாளை ஊன்றிய இடமெல்லாம் ஊற்றெடுத்தது என்று திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுகளைச் சொல்லும் நமக்கு இது புதிதல்ல.

இலங்கையில் தம்புள்ளைக்குக் கிட்டவுள்ள இப்பன்கட்டுவவில் கற்பதுக்கைகளும், புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் ஈமத்தாழிகளும் உள்ளன. திருகோணமலைக்காரருக்குக் கிட்டிய இடம் கதிரவெளி. மூதூர், வெருகல் தாண்டி மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில், மாவட்ட எல்லையைக் கடந்ததும் வருகிற ஊர். அங்கேயும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. 'பெருங்கற்காலம்' என்று இரண்டு இடத்திலும் எழுதுவதால் இரண்டும் ஒரே காலம் ஆகிவிடாது. ஸ்டோன்ஹெஞ்சைத் தொடங்கியவர்கள் புதிய கற்காலத்தவர், உலோகம் அறியாதவர்கள். இலங்கையில் கற்பதுக்கை வைத்தவர்கள் இரும்பு உருக்கத் தெரிந்தவர்கள், கி.மு. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவர்கள். அதனால்தான் இங்கே ஆய்வாளர் பலர் 'ஆதி இரும்புக்காலம்' என்று காலத்தைச் சொல்லி, 'பெருங்கல்' என்பதைச் சின்னத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கதிரவெளியைப் பற்றி எழுதும்போதும் அப்படியே எழுதலாம்.