மருந்தை நிறுத்தியும் அம்மா ஏன் முழிக்கவில்லை?

“அம்மா எப்ப டாக்டர் கண்ணு முழிப்பாங்க?” நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மகன், ஐ.சி.யூ. வாசலில் தினமும் இதையே கேட்டார். மயக்க மருந்தை நிறுத்தி இரண்டு நாளாகியிருந்தது. கட்டிலில் அந்த அம்மாவின் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

தேயிலைக் குச்சி கிழித்த காலில் சீழ் பிடித்து, சீனி வருத்தமும் சேர்ந்து, செப்சிஸ் ஆகிவிட்டது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. பிரஷர் இறங்கி, மூச்சுத் திணறி, வென்டிலேட்டர் போட்டோம். தொண்டையில் குழாயோடு விழித்துக் கிடப்பது கொடுமை என்பதால் மிடசோலம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தோம். அதை உடம்பிலிருந்து வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்ய வேண்டும். செப்சிஸில் சோர்ந்துபோவதும் அவைதான். அதனால் மருந்து தங்கிவிடுகிறது. “மூளை செத்துப்போச்சு” என்று வெளியே பேச்சுக் கிளம்புவது இந்த நாட்களில்தான். அதைக் கேட்டுக் குடும்பம் உடைந்துபோவதைப் பார்க்க மனம் தாங்காது. மூன்றாம் நாள் மகன் கூப்பிட்ட குரலுக்கு அவர் விரலை அசைத்தார்.

இதற்கு மாற்றாக, சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாங்கள் தினமும் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை ஐ.சி.யூ.விலும் மூச்சு வழியே கொடுக்கலாம். வென்டிலேட்டர் குழாயில் பொருத்தும் சிறு கருவியில் மருந்து சொட்டுச் சொட்டாக ஆவியாகும். வெளிமூச்சில் வருவதில் பெரும்பகுதியை அதிலுள்ள கரி வடிகட்டி பிடித்துத் திருப்பி அனுப்பும். நிறுத்தினால் மருந்து மூச்சோடு போய்விடும், சிறுநீரகத்தை நம்பியிருக்காது. ஐரோப்பாவில் 2021இலிருந்து இதற்கு அனுமதி உண்டு. எங்கள் பிரிவில் இன்னும் இல்லை.

வந்தால் எல்லாருக்கும் கொடுப்பேனா? மாட்டேன். இது செப்சிஸுக்கு மருந்தல்ல, ஏற்கெனவே இறங்கிய பிரஷரை மேலும் இறக்கும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 687 பேரை வைத்து பிரான்ஸில் நடந்த ஆய்வொன்று 2025இல் வெளியானது. அதில் இதே வகை செவோஃப்ளூரேன் பெற்றவர்களில் பிழைத்தவர்கள், நரம்பு வழியே ஏற்றும் புரொப்போஃபோல் மயக்க மருந்து பெற்றவர்களைவிடக் குறைவு. அதைப் படித்தபின் என் ஆர்வத்தில் கவனம் கூடிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். சொந்தத்தில் யாருக்காவது ஒப்பரேஷன் மயக்கத்தில் திடீரென உடம்பு கொதித்து ஆபத்தானதா? கட்டாயம் சொல்லுங்கள், அந்தப் பரம்பரைக் குறை இருந்தால் இந்த வாயுக்கள் உயிரையே எடுக்கும். குடிப்பழக்கத்தையும் மறைக்க வேண்டாம், மயக்க மருந்தின் அளவே அதனால் மாறும்.

அந்த அம்மா நடுக்கக் காய்ச்சலோடு ஓர் இரவு முழுக்க லயத்திலேயே கிடந்திருக்கிறார். காய்ச்சலோடு பேச்சுக் குழறினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெரிய ரோட்டுக்கு இறங்கவே நேரமாகும். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.