குளோன் டிஸ்க்கை மாட்டியதும் எல்விஎம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

"சர்வர் டிஸ்க்கை டிடி கமாண்டில் குளோன் எடுத்து அதே மெஷினில் மாட்டினேன். நகல் பிவி இருப்பதால் விஜியை மாற்ற முடியாது என்கிறது லினக்ஸ். டிஸ்க் போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகவில்லை. எல்விஎம் என்பது டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துத் தரும் லினக்ஸ் அமைப்பு. அதில் சேர்த்த ஒவ்வொரு டிஸ்க்கும் (அல்லது பார்ட்டிஷனும்) ஒரு பிவி, பிவிகள் சேர்ந்த தொகுப்பு விஜி, அதிலிருந்து வெட்டியெடுக்கும் பகுதி எல்வி. நகல் அச்சு அசலாக இருப்பதுதான் கோளாறே.

டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ரீபூட்டில் மாறக்கூடியவை. அதனால் எல்விஎம் அவற்றை நம்புவதில்லை. டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாளத்தைத்தான் பார்க்கும். 512 பைட் செக்டர்களில் முதல் நான்கில் ஒன்றில், வழக்கமாக இரண்டாவதில், 'லேபிள்ஒன்' என்ற முத்திரை, ஒரு சிஆர்சி (தரவு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), 32 எழுத்து யுயுஐடி எல்லாம் உட்கார்ந்திருக்கும். டிடி இவற்றையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறது.

ஹெக்ஸ் எடிட்டரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் போதாதா? போதாது, அங்கேதான் இதன் அழகு. யுயுஐடியைத் தொட்டதுமே சிஆர்சி பொருந்தாமல் போகும்; எல்விஎம் அந்த லேபிளை ஏற்காது. சிஆர்சியைத் திருத்தினாலும் தப்ப முடியாது. வழக்கமாக 4096-வது பைட்டில் தொடங்கும் மெட்டாடேட்டாவில் விஜியின் முழு வரைபடமும் வெறும் டெக்ஸ்டாக இருக்கிறது: எந்தெந்த பிவி, எந்த எல்வி எங்கே தொடங்குகிறது என்று. அதிலும் அதே யுயுஐடி, அந்த டெக்ஸ்டுக்குத் தனியாக ஒரு செக்சம், அதாவது இன்னொரு சரிபார்ப்பு எண். விஜியில் மூன்று டிஸ்க் என்றால் பொதுவாக மூன்றிலும் இதே பட்டியல்.

இத்தனையையும் சேர்த்து மாற்றித் தருவது விஜிஇம்போர்ட்குளோன் என்ற கமாண்ட். கொடுத்த டிஸ்க்குகளை மட்டும் பார்த்து, பிவி யுயுஐடி, விஜி யுயுஐடி, விஜி பெயர் மூன்றையும் புதிதாக எழுதும். பழைய பதிப்புகளில் இது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான். தற்காலிகமாக ஒரு கான்ஃபிக் எழுதி, ஃபில்டர் போட்டு அசலை மறைத்து வேலையை முடித்துவிடும். கெட்டிக்கார வேலை.

அதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் டபிள்யூடபிள்யூஎன் (டிஸ்க்கின் தனி அடையாள எண்), சீரியல் இரண்டையும் பாருங்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே எண் என்றால் அது குளோன் அல்ல. ஸ்டோரேஜில் உள்ள ஒரே லன் (சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க்) இரண்டு பாதை வழியாகத் தெரிகிறது. அங்கே தேவை பல பாதைகளை ஒரே டிஸ்க்காகக் காட்டும் மல்டிபாத் அமைப்பு. விஜிஇம்போர்ட்குளோன் ஓட்டினால் அசலின் அடையாளமே மாறிப்போகும்.

உண்மையான குளோன்தான் என்றால், 'பேஸ்விஜிநேம்' ஆப்ஷனில் புதுப் பெயரையும், அந்த விஜியைச் சேர்ந்த குளோன் பிவி எல்லாவற்றையும் கொடுங்கள். ஒன்றை விட்டால் விஜி முழுமையாகாது. ரெட்ஹேட் 9-இல் டிவைசஸ் ஃபைலில் (எல்விஎம் பார்க்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) இல்லாத டிஸ்க் எல்விஎம் கண்ணிலேயே படாது. அதனால் அங்கே 'இம்போர்ட்டிவைசஸ்' ஆப்ஷனையும் சேருங்கள். பிறகு விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்து எல்விகளை இயக்குங்கள்.

ரீபூட் சர்வரோக நிவாரணி என்ற மூடநம்பிக்கை இங்கே ஆபத்து. ஓடும் மெஷினில், ஏற்கெனவே எல்வி பயன்படுத்தும் டிஸ்க்குக்கே எல்விஎம் முன்னுரிமை தரும். அணைத்து எழுப்பினால் அந்தத் துப்பு இருக்காது. நகல் இருக்கும் விஜியின் எல்விகளை இயக்க மறுத்து, ரூட்டும் (சிஸ்டத்தின் மூல ஃபைல் சிஸ்டம்) அதில் இருந்தால் பூட் பாதியில் நிற்கலாம்.

ஃபைல் சிஸ்டத்துக்குத் தனி யுயுஐடி உண்டு, அதை விஜிஇம்போர்ட்குளோன் தொடாது. அசல் மவுண்டில் இருக்கும்போது எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் நகலை ஏற்காது. 'நோயுயுஐடி' ஆப்ஷனில் ஒருமுறை மவுண்ட் செய்து லாகைச் சுத்தமாக்கி, அன்மவுண்ட் செய்தபின் எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் -யு (பெரிய எழுத்து U) ஜெனரேட் கொடுங்கள். ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 என்றால் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப், அப்புறம் ட்யூன்2எஃப்எஸ் -யு (இதுவும் பெரிய எழுத்து U) ரேண்டம். மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேபில் யுயுஐடி எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.