தெளிந்த தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர் இல்லை

குடிநீர் மாதிரி எடுக்கக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் காதில் விழும் பேச்சு இது: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல என்ன கிருமி?" அந்தக் கண்ணாடித் தண்ணீரில்தான் மலத்திலிருந்து கலக்கும் ஈ.கோலைக் கிருமி அடிக்கடி தென்படுகிறது.

அதற்காகத் தண்ணீரைத் தெளியவைக்கும் பழைய முறைகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தேற்றா மரத்தின் விதையான தேத்தாங்கொட்டையையே எடுத்துக்கொள்வோம். மண்பானையின் சொரசொரப்பான உள்பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொட்டையை இழைத்தால் வெள்ளையாக விழுது வரும். அதன்மேல் கலங்கல் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, ஆடாமல் அசையாமல் வைத்தால், சில மணி நேரத்தில் மண்ணெல்லாம் திரண்டு அடியில் படிந்துவிடும். முருங்கை விதைப் பொடியும் இதே வேலையைச் செய்யும். கலங்கலில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம். முருங்கை விதையின் புரதத்துக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக் கனமாகிக் கீழே இறங்குகின்றன. மண்ணோடு ஒட்டியிருந்த கிருமிகளும் கூடவே இறங்கும், ஆனால் எல்லாம் இறங்காது. விதையிலிருந்து கரைந்த சத்தும் தண்ணீரில் இருக்கிறது. அப்படியே நாள் கணக்கில் வைத்தால், மிஞ்சிய கிருமிகள் அதையே தின்று பெருகும்.

துணியில் வடிகட்டுவதையும் லேசாக நினைக்க வேண்டாம். பழைய பருத்திப் புடவையை பல மடிப்பாக மடித்து வடிகட்டிய வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி நுண்ணிய மிதவை உயிரிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை துணியில் சிக்கிவிடும். தனியாக மிதக்கும் கிருமி துணிக்குள் புகுந்து போய்விடும்.

ஆகவே தெளியவைத்து, வடிகட்டி, அப்புறம் கொதிக்கவையுங்கள். சூடு ஏறினால் போதாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கக்கூடிய ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்ற ரசாயனங்கள் எதுவும் கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இவை இருக்கின்றனவா என்பதைத் தண்ணீர்ச் சோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஆறிய தண்ணீரில் கையோடு டம்ளரை முக்கி எடுக்கிற வீடுகள் நிறைய. நீளக் காம்பு அகப்பை ஒன்றைப் பானைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வைத்த பானை கிடைத்தால் இன்னும் நல்லது.