உயரத்துக்குத்தான் பூட்டு, நேரத்துக்கு இல்லை

"வால்வு இத்தனை மில்லிமீட்டர்தான் திறக்கலாம் என்று விதியே இருக்கும்போது, கேம்ஷாஃப்டை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறிப்பாயும் அமெரிக்க டிராக் ரேஸ் வீடியோ ஒன்றில், ஐம்பது வருடப் பழைய ஷெவர்லே கார் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தாராம். எஞ்சின் கம்பெனியில் வந்த மாதிரியேதான் என்று வர்ணனையில் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. முழுதாக நம்பவும் வேண்டாம்.

அந்தப் பிரிவின் பெயர் ஸ்டாக் எலிமினேட்டர். 1951இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு நடத்துவது. அங்கே வால்வு லிஃப்ட், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடவும் புகையை வெளியேற்றவும் உள்ள கதவான வால்வு திறக்கும் உயரம், கம்பெனி கொடுத்த அளவைத் தாண்டக் கூடாது. 1970களின் சாதாரண ஷெவர்லே வி8 என்றால் ஏறக்குறைய 10 மி.மீ. ஆனால் எஞ்சின் சுற்றுவதில் எத்தனை டிகிரிக்கு, அதாவது எவ்வளவு நேரம், வால்வு திறந்திருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. விளையாட்டு முழுக்க இந்தச் சந்தில்தான் நடக்கிறது.

கேம்ஷாஃப்ட் என்ற தண்டு, சுருக்கமாக கேம், எஞ்சினில் பாதி வேகத்தில் சுற்றும், அதன் மேடு வால்வைத் தள்ளும் என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். வால்வின் உயரத்தை வரைபடமாகப் போட்டால் சாதாரண கேம் ஒரு மணற்குவியலை வரையும். ரேஸ் கேம் மொட்டைமாடியை வரையும்: சட்டென்று ஏறி, அனுமதித்த உச்சியிலேயே கொஞ்சம் உட்கார்ந்து, சட்டென்று இறங்கும். உயரம் அதேதான், உள்ளே போகும் காற்று அதிகம். அதற்காக டிகிரியை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. கார்புரேட்டரும் கம்பெனி அளவிலேயே இருப்பதால் ஓர் அளவுக்கு மேல் எஞ்சினால் மூச்சுவிட முடியாது. நீட்டியதெல்லாம் கிளம்பும்போது இழுவையைத்தான் குறைக்கும்.

எவ்வளவு சட்டென்று ஏறலாம்? பழைய எஞ்சின்களில் கேம் ஒரு தட்டையான டேப்பெட்டை, அதாவது தள்ளலை வால்வுக்குக் கடத்தும் உருளைத் துண்டை, தொட்டு உரசும். வால்வு வேகமாக எழ எழ, தொடும் புள்ளி டேப்பெட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். விளிம்பைத் தாண்டினால் டேப்பெட் உளியாகி கேமைச் செதுக்கிவிடும். ஷெவர்லே டேப்பெட்டின் விட்டம் 21.4 மி.மீ., கிறைஸ்லருடையது கிட்டத்தட்ட 23. அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காக ஷெவர்லேக்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வால்வை மூடுவதுதான் ஸ்பிரிங்கின் வேலை என்று நினைக்கிறோம். ஸ்பீட் பிரேக்கரில் பைக்கை வேகமாக விட்டுப் பாருங்கள். ஏறும்போது இடுப்பு வலிக்கும். உச்சியைத் தாண்டும்போதுதான் சக்கரம் தரையை விடும். கேமிலும் அப்படியே. மேலே பாய்ந்து வரும் வால்வை உச்சிக்குப் பக்கத்தில் அடக்கி, கேமை விட்டு எழும்பாமல் அமுக்கிப் பிடிப்பதுதான் ஸ்பிரிங்கின் கஷ்டமான வேலை. அதற்குத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6,000 ஆர்பிஎம்மிலிருந்து 7,000 போனால் 36 சதவீதம் கூடுதல்.

அப்படியானால் தடித்த ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே? இங்கேதான் ஸ்பிரிங் தன் குணத்தைக் காட்டுகிறது. அதற்கும் எடை உண்டு. பிள்ளைகள் விளையாடும் வானவில் ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தட்டினால் சுருள் நெடுக ஓர் அலை ஓடி, மறுமுனையில் மோதித் திரும்புமே, வால்வு ஸ்பிரிங்கிலும் அதே அலை ஓடுகிறது, வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. உதாரணத்துக்கு 450 தடவை என்று வைத்துக்கொள்வோம். 6,000 ஆர்பிஎம்மில் கேம் வினாடிக்கு 50 சுற்று. ஐம்பது எங்கே, நானூற்றைம்பது எங்கே என்று தோன்றும். ஆனால் வீணைத் தந்தியின் ஒலியில் மூல சுரத்தோடு அதன் மடங்குகளும் கலந்திருப்பதுபோல, கேமின் ஒவ்வொரு தட்டலிலும் 100, 150, 200 என்று மடங்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்பதாவது மடங்கு சரியாக 450! ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல அலை வளர்கிறது. 6,300 பக்கம் போனால் அடங்கிவிடும். 6,750இல் எட்டாவது மடங்கு வந்து பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் முன்னைவிட மோசமாக. கேமின் மேட்டை முரட்டுத்தனமாகச் செதுக்கச் செதுக்க இந்த மடங்குகளின் பலமும் கூடும்.

அலை உச்சத்தில் இருக்கும்போது சுருள்கள் ஒரு பக்கமாகக் குவிய, ஒரு கணம் வால்வின் மேல் விசை குறைந்துபோகும். மேசையில் வைத்து அளந்தபோது பயில்வானாக நின்ற அதே ஸ்பிரிங்தான்.

தப்பிக்க வழிகள் உண்டு. தேன்கூடுபோல மேலே குறுகும் ஸ்பிரிங்கில் சுருளுக்குச் சுருள் அளவு மாறுவதால், அலையால் ஒரே அதிர்வெண்ணில் நிலைக்க முடியாது. ஸ்பிரிங்குக்குள் இன்னொன்றை இறுக்கமாகச் செருகினால் உராய்வே அலையைத் தின்றுவிடும், சூடு மட்டும் ஏறும். இன்னொரு தந்திரம், முழுதாகத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொடுமாறு அமைப்பது. தொட்டுவிட்டால் முறியும். சற்றே இடைவெளி விட்டால் அலைக்கு ஓட இடம் இருக்காது. 10 மி.மீ. லிஃப்ட் என்ற விதி இங்கே வரமாகிறது: அமுங்க வேண்டிய தூரம் குறைவு என்பதால் சுருள்களைக் குறைத்து, ஸ்பிரிங்கின் அதிர்வெண்ணை உயர்த்தலாம். எவ்வளவு உயர்கிறதோ, அதைத் தொடும் மடங்கு அவ்வளவு பலவீனமானது. 1986இல் ரெனோ தன் ஃபார்முலா 1 எஞ்சினில் எஃகு ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டு, அழுத்திய காற்றை வைத்தது. ஸ்டாக் எலிமினேட்டரில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

எஞ்சினை மின்மோட்டாரால் சுற்றி, வால்வின் ஆட்டத்தை லேசரால் அளக்கும் ஸ்பின்ட்ரான் என்ற இயந்திரம் அமெரிக்க ரேஸ் பட்டறைகளில் பிரபலம். நம் பொறியியல் கல்லூரிகளில் அப்படி ஒன்றை மாணவர்களே கட்டலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அதிர்வுப் பாடத்தைச் சமன்பாடாக மட்டும் மனப்பாடம் செய்து தேறியவர்களில் நானும் ஒருவன். ஆய்வக நிதியில் ஏசிக்கும் விழா மேடைக்கும் போவதில் ஒரு பங்கு இதற்குப் போனால் போதும்.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: தன் 150 சிசி பைக்குக்கு 'ஹெவி ஸ்பிரிங்' போட்டால் பவர் கூடும் என்று மெக்கானிக் சொல்கிறாராம். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டுவதும் இதுவும் ஒன்றுதான், பழம் செலவு குறைவு. அந்த எஞ்சினில் வால்வு கேமை விட்டு எழும்பி மிதக்கும் வேகத்துக்கு முன்பே, வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டர் வெட்டிவிடும். ஹெவி ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு எஞ்சின்தான் கூடுதலாக உழைக்க வேண்டும், கேமும் சீக்கிரம் தேயும்.